அலரும் கரணமும்: கடலூர் மணமகளும் பாளையங்கோட்டைக் கைம்பெண்ணும்

காதல் தோன்றும் இடத்தில் ஊர்ப்பேச்சும் உடன் தோன்றும் என்பதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கண்டறிந்து, அதற்குத் தனித்தனிப் பெயர்களும் இட்டது. வாய்க்குள் முணுமுணுக்கப்படும் அரும்பு நிலைப் பேச்சு அம்பல். ஊரறிய விரிந்து மலர்ந்துவிட்ட பேச்சு அலர். திருக்குறளின் காமத்துப்பாலில் 115-ஆம் அதிகாரம் முழுவதும் அலர் பற்றியதே. களவில் தொடங்கிய அன்பு, அலருக்கு அஞ்சி உடன்போக்காக மாறுவதையும், பின்னர் கற்பு வாழ்வாக நிலைபெறுவதையும் அகத்துறைகள் ஒழுங்குபடுத்திக் காட்டுகின்றன. மணச்சடங்காகிய கரணம் ஏன் தோன்றிற்று என்பதற்கும் தொல்காப்பியர் கற்பியலில் விடை கூறுகிறார். சொன்ன சொல்லை மறுக்கும் பொய்ம்மையும், கொண்டவளைக் கைவிடும் வழுவும் உலகில் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்பது அவர் கருத்து. அன்புக்குச் சான்று தேவைப்பட்டதால் அன்று, பொய்யை அடக்கச் சான்று தேவைப்பட்டதால் மணம் ஒரு சடங்காயிற்று என்பதே இதன் பொருள்.

இவ்விரு சொற்களையும் அளவுகோலாகக் கொண்டு ஆங்கிலப் புனைகதையின் ஒரு பகுதியை நோக்கினால் வியப்பான ஒற்றுமைகள் புலப்படும். காதல், மணம், பழிச்சொல் ஆகிய மூன்றையும் அடித்தளமாகக் கொண்ட 'ரீஜன்சி' காலக் காதற் புதினங்கள் இன்று உலகெங்கும் படிக்கப்படுகின்றன. அவற்றின் ஊற்றுக்கண்களுள் ஒன்று தமிழகக் கடற்கரையில் நடந்த ஒரு திருமணத்தில் இருக்கிறது என்பதும், ஏறக்குறைய அதே தலைமுறையில் நெல்லைச் சீமையில் நடந்த மற்றொரு காதல், மணமாக முடியாமலேயே வரலாற்றிலும் புதினத்திலும் இடம் பெற்றது என்பதும் தமிழ் வாசகர் அறிய வேண்டிய செய்திகளாகும்.

ரீஜன்சிக் காலமும் அதன் கதைகளும்

இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயினால் ஆளும் ஆற்றலை இழந்தபோது, அவர் மகன் இளவரசர் ஜார்ஜ் 1811-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆட்சிப் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார். 1820-இல் தந்தை இறந்து தாமே மன்னராகும் வரை அவர் அப்பதவியில் இருந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளே கண்டிப்பான பொருளில் ரீஜன்சிக் காலம் எனப்படும். அந்த இளவரசரின் சொந்த வாழ்வே அலர் நிறைந்தது. 1785-இல் மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்னும் கைம்பெண்ணை அவர் மறைவாக மணந்தார். அரச குடும்பத்துத் திருமணங்களைக் கட்டுப்படுத்திய 1772-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அம்மணம் செல்லாததாயிற்று. பின்னர் 1795-இல் கரோலின் இளவரசியை மணந்தார். அம்மணமும் கசந்து, 1820-இல் நாடாளுமன்றம் வரை சென்று நாட்டையே சிரிக்க வைத்தது.

இக்காலத்தில்தான் ஜேன் ஆஸ்டினின் புதினங்கள் வெளிவந்தன. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 1811-இலும், 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813-இலும், 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' 1814-இலும், 'எம்மா' 1815-இன் இறுதியிலும் அச்சேறின. எம்மா அந்த இளவரசருக்கே உரிமையாக்கப்பட்டது. ஆஸ்டினுக்கு அவை வரலாற்றுப் புதினங்கள் அல்ல; அவர் கண்முன் இருந்த உலகத்தின் சித்திரங்கள். அவற்றைப் பழங்காலக் கதைகளாக மாற்றிப் புதிய வகையை உருவாக்கியவர் ஜார்ஜெட் ஹெயர். 1935-இல் வெளிவந்த அவருடைய 'ரீஜன்சி பக்' இவ்வகைக்கு வழிகாட்டியாயிற்று. அதன்பின் எழுந்த நூல்களுக்குக் கணக்கில்லை. 2020 முதல் 'பிரிட்ஜர்டன்' என்னும் தொலைக்காட்சித் தொடராகவும் அவ்வுலகம் வீடுகளுக்குள் வந்தது. 2022-இல் வெளியான அதன் இரண்டாம் பகுதியின் நாயகி இந்தியாவிலிருந்து வந்தவளாகவும், தன் தந்தையை 'அப்பா' என்று அழைப்பவளாகவும் படைக்கப்பட்டாள். இது புதுமை என்று பலர் வியந்தனர். ஆனால் அவ்வகைப் புதினத்துக்கும் இந்நாட்டுக்கும் உள்ள உறவு அதனினும் பழையது.

சட்டம் பிறந்த ஆண்டில் ஒரு திருமணம்

ரீஜன்சிக் கதைகளில் காதலர் ஊரைவிட்டு ஓடுவது இன்றியமையாத நிகழ்ச்சி. அவர்கள் ஓடுவது பெரும்பாலும் ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூருக்கு. இதற்குக் காரணம் ஒரு சட்டம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலண்டனில், ஃபிளீட் சிறைச்சாலையை அடுத்த பகுதியில், கேள்விமுறையின்றி மறைமுகத் திருமணங்கள் பெருகின. செல்வக் குடும்பத்துச் சிறுபெண்களை ஏமாற்றி மணப்பதும், மணந்த பின் மறுப்பதும் நடந்தன. இதனைத் தடுக்க ஹார்ட்விக் பிரபு 1753-இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தார். கோயிலில் முன்னறிவிப்புச் செய்தோ உரிமம் பெற்றோ நடக்கும் மணமே செல்லும். உரிமம் பெற்று மணப்போர் 21 வயது நிரம்பாதவராயின் பெற்றோர் இசைவு வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஸ்காட்லாந்தை அது கட்டுப்படுத்தவில்லை. அதனால் ஓடிப்போகும் காதலருக்கு எல்லை கடந்த ஊர் புகலிடமாயிற்று. பொய்யும் வழுவும் தோன்றிய பின் கரணம் வகுக்கப்பட்டது என்ற தமிழிலக்கணக் கூற்றுக்கு இதனினும் தெளிவான அயல்நாட்டுச் சான்று கிடைப்பது அரிது. கரணம் வந்ததும் உடன்போக்கும் கூடவே வந்தது என்பதும் நோக்கத்தக்கது.

அதே 1753-ஆம் ஆண்டு, பிப்ரவரி 22-ஆம் நாள், கடலூரில் ஓர் ஆங்கிலத் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் பிலடெல்பியா ஆஸ்டின், வயது 22. மணமகன் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் டைசோ சால் ஹான்காக். இவர்கள் மணம் நடப்பதற்கு நான்கு நாள் முன்னர்தான் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி கோயிலில் இராபர்ட் கிளைவ், மார்கரெட் மாஸ்கெலின் என்பவரை மணந்தார்.

பிலடெல்பியாவின் வரலாறு இரங்கத்தக்கது. அவர் தந்தை டன்பிரிட்ஜ் ஊரில் மருத்துவத் தொழில் புரிந்தவர். தாயும் தந்தையும் அவருடைய குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். தம்பி ஜார்ஜைப் படிக்க வைக்க உறவினர் இருந்தனர். பெண்ணுக்கு அவ்வாய்ப்பு இல்லை. 1745-இல் இலண்டனில் கோவென்ட் கார்டன் பகுதியில் மகளிர்க்குத் தொப்பி முதலியன செய்யும் கடையொன்றில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தொழில் பயில அவர் விடப்பட்டார். அக்காலத்தில் அப்பகுதியும் அத்தொழிலும் நற்பெயர் பெற்றவையல்ல. சீதனம் கொடுக்க எவரும் இல்லாத பெண்ணுக்கு இங்கிலாந்தில் நல்ல மணம் அமைவது அரிது. கம்பெனி இயக்குநர்களிடம் இசைவு பெற்று, 1752 சனவரியில் 'பாம்பே காசில்' என்னும் கப்பலில் ஏறி, ஆகஸ்டுத் திங்களில் சென்னை வந்து இறங்கினார். ஆறு திங்களுக்கு மேற்பட்ட கடற்பயணம். இறங்கிய ஆறு திங்களில் திருமணம்.

இவ்வாறு மணமகன் தேடிக் கப்பலேறி வந்த ஆங்கிலப் பெண்கள் பலர். பிற்காலத்தில் அவர்களை மீன்பிடிப் படகுக் கூட்டம் என்று எள்ளி நகைத்தனர். தூண்டிலில் சிக்கியது யார் என்பதை அந்த நகைச்சுவை சொல்வதில்லை. செயின்ட் டேவிட் கோட்டையின் நிழலில், தேவனாம்பட்டினக் கடற்காற்றில், முன்பின் அறியாத ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட அந்த இளம்பெண்ணுக்குத் தெரிவு என்று ஒன்று இருந்ததா என்பதே உண்மையான கேள்வி. அக்கோட்டையும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைக் கைப்பற்றி அழித்தார்.

வங்கத்தில் எழுந்த அலர்

1759-இல் ஹான்காக் தம்பதியர் வங்கம் சென்றனர். அங்கே வாரன் ஹேஸ்டிங்ஸின் நட்பு கிடைத்தது. அவ்வாண்டில்தான் ஹேஸ்டிங்ஸ் தம் முதல் மனைவியை இழந்திருந்தார். எட்டாண்டுகளுக்கு மேலாகக் குழந்தையின்றி இருந்த பிலடெல்பியாவுக்கு 1761 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு பெண் பிறந்தது. எலிசபெத் என்று பெயரிட்டனர். எலைசா என்று அழைத்தனர். ஹேஸ்டிங்ஸ் ஞானத்தந்தையானார். அம்பல் தொடங்குவதற்கு இவ்வளவு போதுமானதாக இருந்தது. 1765-இல் கிளைவ் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், பிலடெல்பியா ஹேஸ்டிங்ஸுக்குத் தம்மை ஒப்படைத்தவர் என்று ஐயமின்றிக் கூறி, அவரோடு பழக வேண்டாம் என்று தடுத்தார். அம்பல் அலராயிற்று.

எலைசாவின் பெயரில் ஹேஸ்டிங்ஸ் 1772-இல் 5,000 பவுன் வைத்து ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தி, பின்னர் அதனை 10,000 பவுனாக உயர்த்தினார். பழிச்சொல்லை நம்புவோர் இதனைச் சான்றாகக் காட்டுவர். நம்பாதோர், ஹான்காக் இறுதிவரை ஹேஸ்டிங்ஸின் நெருங்கிய நண்பராகவே இருந்ததையும், ஞானத்தந்தை என்னும் உறவுக்குரிய கடமையையும் எடுத்துக் காட்டுவர். உண்மையைத் தீர்மானிக்கும் ஆவணம் ஏதும் இல்லை. இல்லாத இடத்தில் தீர்ப்புக் கூறாமல் நிற்பதே வரலாற்றின் அறம். அலருக்கு அந்த அறம் கிடையாது.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. அதே ஹேஸ்டிங்ஸ் 1769-இல் சென்னைக்கு வரும் கப்பலில், ஓவியர் இம்ஹாஃப் என்பாரின் மனைவி மரியனைக் கண்டு காதலித்தார். கணவரும் மனைவியும் சென்னையில் தங்கினர். பின்னர் மணமுறிவு பெறப்பட்டு, 1777-இல் கல்கத்தாவில் ஹேஸ்டிங்ஸ் மரியனை மணந்தார். அப்போது அவர் வங்கத்தின் கவர்னர் ஜெனரல். ஊர் பேசியது, ஆயினும் விருந்துக்கு வந்தது. ஆளுநரின் மனைவிக்கு ஒரு நீதி, மருத்துவரின் மனைவிக்கு ஒரு நீதி.

1765-இல் இங்கிலாந்து திரும்பிய ஹான்காக், பொருள் போதாமையால் 1768-இல் மீண்டும் தனியே இந்தியா வந்தார். மகளை இந்நாட்டுக்கு அழைத்து வரலாம் என்ற எண்ணம் எழுந்தபோது, கல்கத்தாவின் ஆங்கிலச் சமுதாயத்தில் மலிந்திருந்த ஒழுக்கக்கேட்டைக் காரணமாகக் காட்டி அவர் கடுமையாக மறுத்து எழுதினார். அவ்வூர்ப் பேச்சின் கூர்மையை அவரைவிட அறிந்தவர் யார்? 1775 நவம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அதற்கடுத்த திங்களில், பிலடெல்பியாவின் தம்பி ஜார்ஜ் ஆஸ்டினுக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளே ஜேன்.

மருமகளின் எழுதுகோல்

அத்தை பிலடெல்பியாவும் அத்தை மகள் எலைசாவும் ஜேனின் இளமையில் நெருங்கிய உறவினர். எலைசா 1781-இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் ஒருவரை மணந்தார். அவர் 1794-இல் புரட்சியின் கொலைக்கருவிக்கு இரையானார். 1797-இன் இறுதி நாளில் எலைசா ஜேனின் அண்ணன் ஹென்றியை மணந்தார். ஜேன் 1790-இல் எழுதிய சிறுவயதுப் படைப்பொன்று எலைசாவுக்கே உரிமையாக்கப்பட்டது. ஸ்டீவன்டன் இல்லத்தில் எலைசாவும் சேர்ந்து நடித்த குடும்ப நாடகங்களின் சாயல் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' புதினத்தில் தெரிகிறது.

பிலடெல்பியா 1792 பிப்ரவரியில் காலமானார். அவ்வாண்டிலேயே ஜேன், 'கேத்தரின்' என்னும் ஒரு கதையை எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்டார். அதில் பெற்றோரை இழந்த ஒரு பாதிரியார் மகள், உறவினரால் மணமகன் தேடி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறாள். தன்னைப்போல் இருமடங்கு வயதுள்ள, இனிமையற்ற ஒருவருக்கு மனைவியாகிறாள். இதனை ஊரார் நற்பேறு என்று கொண்டாடுகின்றனர். கதைத்தலைவி மட்டும் அதனை நற்பேறு என்று ஏற்க மறுக்கிறாள். பதினாறு வயதுப் பெண்ணின் எழுதுகோலில், கடலூர்த் திருமணம் முதன்முதலாக ஒரு கேள்வியாக மாறிய இடம் அது. அக்கதை 1951 வரை அச்சேறவில்லை.

அச்சேறிய புதினங்களிலும் அக்கேள்வி மறையவில்லை. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் வரும் கர்னல் பிராண்டன் இந்தியாவிலிருந்து திரும்பியவர். அவர் காதலித்த பெண்ணின் பெயர் எலைசா. அவளை வற்புறுத்தி அவர் அண்ணனுக்கு மணமுடிக்கின்றனர். காதலர் உடன்போக எண்ணிய திட்டம் வெளிப்பட்டுச் சிதைகிறது. மணம் முறிந்து, வறுமையிலும் நோயிலும் அவள் மடிகிறாள். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' கதையில் லிடியா ஓடிப்போனபோது குடும்பத்தாரின் முதற்கவலை அவள் உயிர் பற்றியதன்று. அவர்கள் கிரெட்னா கிரீன் சென்றார்களா இல்லையா என்பதே. கரணம் நடந்ததா என்ற ஒற்றைக் கேள்வியில் ஐந்து சகோதரிகளின் வாழ்வு தொங்குகிறது. இறுதியில் டார்சியின் பணம் அந்தக் கரணத்தை விலைக்கு வாங்குகிறது. 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் கணவனை விட்டு நீங்கிய மரியா ஊரைவிட்டே ஒதுக்கப்படுகிறாள். அவளோடு சென்ற ஆடவனுக்கு அத்தகைய தண்டனை இல்லை என்பதை ஆசிரியரே சுட்டிக் காட்டுகிறார்.

நெல்லைச் சீமையில் அந்நாட்கள்

கடலூரில் பிலடெல்பியா இல்லறம் நடத்திய அதே ஆண்டுகளில் தென்பாண்டி நாட்டில் வேறு வரலாறு எழுதப்பட்டுக் கொண்டிருந்தது. 1755-இல் கர்னல் ஹெரான் படையுடன் நெல்லைச் சீமைக்கு வந்தார். நெற்கட்டான்செவல் பூலித்தேவன் தலைமையில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மறவர் பாளையங்கள் எதிர்த்து நின்றன. அம்மேற்குப் பாளையங்களில் சேற்றூரும் ஒன்று. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801-இல் பாளையக்காரர் எழுச்சி முற்றிலும் அடக்கப்பட்டதும், 1803-இல் நெல்லைச் சீமைப் பாளையங்கள் நிலையான தீர்வைக்கு உட்பட்ட ஜமீன்களானதும் தொடர் நிகழ்ச்சிகள். இலண்டனில் ரீஜன்சி விருந்துகள் களைகட்டிய காலத்தில் சேத்தூர் வாளை வைத்துவிட்டுப் புலவர்களைப் போற்றும் ஜமீனாக மாறியிருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி திருநெல்வேலியோடு இணைந்தே இருந்தது.

பாளையங்களிலும் காதற்கதைகள் பாடப்பட்டன. சுப்பிரதீபக் கவிராயர் பாடிய 'கூளப்ப நாயக்கன் காதல்' அதற்கு எடுத்துக்காட்டு. பாட்டுடைத் தலைவன் வேட்டைக்குச் செல்வான், ஒரு மங்கையைக் காண்பான், இருவரும் கூடுவர். அந்நூல்வகையில் தலைவனுக்கு அது புகழ். மங்கைக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று புலவர் வினவுவதில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவியின் நெஞ்சைச் சுட்ட அலர், பாளையக்காரரின் காதற் பிரபந்தங்களில் இடமற்றுப் போயிற்று. அலர் நோவு தருவது பெண்ணுக்கு. பெண்ணின் பக்கம் நின்று பாடாத இலக்கியத்துக்கு அது தேவைப்படவில்லை. மானிடரை மணக்க மறுத்துத் தன் மனத்துக்கு உரியவனையே வேண்டிப் பாடிய கோதை பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் இந்நிலப்பகுதியிலேயே இருந்தும், பிற்காலக் காதற் பிரபந்தங்களில் பெண்குரல் ஒலிக்காமை எண்ணத்தக்கது.

பாளையங்கோட்டைக் கைம்பெண்

பாளையங்களை அடக்கக் கம்பெனி நிறுத்திய படை பாளையங்கோட்டைக் கோட்டையில் தங்கியிருந்தது. அப்படையைச் சேர்ந்த லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு தஞ்சையிலிருந்து வந்த ஒரு பிராமணக் கைம்பெண் வாழ்ந்து வந்தார். அவர் இயற்பெயர் கோகிலா என்பது மரபு. வரலாறு அவரைக் கிளாரிந்தா என்று அறியும். அந்த அதிகாரி அவருக்கு ஆங்கிலமும் கிறித்துவ சமயக் கொள்கைகளும் கற்பித்தார். மணப்பதாக வாக்களித்தார் என்றும், அது நிறைவேறவில்லை என்றும் கால்டுவெல் தம் திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றில் எழுதுகிறார்.

கிளாரிந்தா சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். மணமின்றி ஆடவரோடு வாழ்பவர் என்பதால் ஐயர் மறுத்துவிட்டார். சட்டப்படியும் சமயப்படியும் அவர் செய்தது முறையே எனலாம். ஆயினும் கரணம் நிறைவேறாமைக்கு யார் பொறுப்பு என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. மறுமணத்தை நினைக்கவும் இடம்தராத குலத்தில் பிறந்தவர். குலத்தை விட்டு நீங்கிய பின் திரும்பும் வழி இல்லாதவர். கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் 1856-இல்தான் வந்தது. உடன்கட்டை ஏறுதல் சென்னை மாகாணத்தில் 1830-இல்தான் தடைசெய்யப்பட்டது. வாக்களித்தவர் வாக்கை நிறைவேற்றியிருந்தால் மறுப்புக்கே இடமிருந்திராது. தண்ணீர் மறுக்கப்பட்டது வாக்குத் தவறியவருக்கு அன்று, வாக்கை நம்பியவருக்கு.

லிட்டில்டன் இறந்த பின், 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் கிளாரிந்தாவுக்கு ஞானஸ்நானம் அளித்தார். 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பேர் பெயர்கள் உள்ளன. முதற்பெயர் கிளாரிந்தா. அவர் வளர்ப்பு மகன் ஹென்றி லிட்டில்டன் பெயரும் அதில் உண்டு. மணப் பதிவேட்டில் இணையாத இரு பெயர்கள், ஒரு வளர்ப்புப் பிள்ளையின் வாயிலாக இங்கே ஒரே ஏட்டில் அருகருகே நிற்கின்றன.

அதன்பின் அவர் வாழ்வு முழுவதும் செயல். சபைக்கு ஓர் உபதேசியார் வேண்டும் என்று கேட்கத் தாமே தஞ்சைக்குச் சென்றார். ஞானப்பிரகாசம் என்பவரும் பின்னர் சத்தியநாதன் என்பவரும் அனுப்பப்பட்டனர். சத்தியநாதன் 1790-இல் குருவாக அருட்பொழிவு பெற்றார். கிளாரிந்தாவின் முயற்சியால் எழுந்த சிறு கோயிலை 1785-இல் சுவார்ட்ஸ் ஐயர் வழிபாட்டுக்குத் திறந்து வைத்தார். ஊரார் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தனர். அவர் வெட்டுவித்த கிணறும் பாப்பாத்தியம்மாள் கிணறு எனப் பெயர் பெற்றது. ஒரு காலத்தில் புறங்கூறிய வாய்களே, நீர் மொள்ளச் செல்லும்போது அவர் பெயரை நன்றியோடு சொல்லும் நிலை வந்தது. அலருக்கு அவர் வாயால் விடை கூறவில்லை. கிணறும் கோயிலும் விடையாயின.

மாதவையாவின் 'கிளாரிந்தா'

இவ்வரலாற்றைப் புதினமாக்கியவர் நெல்லைச் சீமைப் பெருங்குளத்தில் 1872-இல் பிறந்த அ. மாதவையா. 'பத்மாவதி சரித்திரம்', 'முத்துமீனாட்சி' முதலிய புதினங்களால் தமிழில் நிலைபெற்றவர். 1915-இல் 'கிளாரிந்தா' என்னும் வரலாற்றுப் புதினத்தை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர் அது தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டது.

தமிழ் வரலாற்றுப் புதினத்தின் தொடக்கம் தி. த. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' (1895). அதுவும் நாயக்கர் காலத்து அரச குடும்பக் காதலே. பின்னர் வந்த கல்கியும் அவர் வழி வந்தோரும் பல்லவர், சோழர் அரண்மனைகளையே நாடினர். மாதவையா நாடியது கம்பெனிக் காலத்துக் கோட்டை வீடொன்றில் வாழ்ந்த, ஊரால் ஒதுக்கப்பட்ட ஒரு கைம்பெண்ணை. முடியும் வாளும் இல்லாத கதை. உடன்கட்டை ஏற்றப்படவிருந்த இளம்பெண்ணை ஆங்கில அதிகாரி மீட்பதாக வரும் நிகழ்ச்சி அதில் முதன்மையானது. மாதவையா கிறித்துவர் அல்லர். தம் சமூகத்தின் குறைகளைத் தயங்காமல் எடுத்துரைத்த பிராமணர். அவர் இக்கதையைத் தேர்ந்தது கைம்மையின் கொடுமையைக் காட்டவே என்பது அவருடைய பிற நூல்களை அறிந்தோர்க்கு விளங்கும். முத்துமீனாட்சியில் தம் காலத்துப் பெண்ணின் வாய்மொழியாகக் கூறியதைக் கிளாரிந்தாவில் நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய பெண்ணின் வாழ்வாகக் கூறினார்.

1925-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றக் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதாடிப் பேசி அமர்ந்த சிறிது நேரத்தில் மாதவையா உயிர் நீத்தார். தமிழுக்காக உயிர்விட்டவரின் சிறந்த வரலாற்றுப் புதினம் ஆங்கிலத்தில் அமைந்ததால், தமிழ் வரலாற்றுப் புதினம் பற்றிய நூல்களில் அது உரிய இடம் பெறாமற் போனது ஓர் இழப்பே.

இரு வாழ்வுகளும் ஒரு நிறுவையும்

கடலூர் மணமகளையும் பாளையங்கோட்டைக் கைம்பெண்ணையும் அருகருகே வைத்து நோக்கினால் சில உண்மைகள் தெளிவாகும். பிலடெல்பியாவுக்குக் கரணம் இருந்தது. காதல் இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. கிளாரிந்தாவுக்குக் காதல் இருந்தது. கரணம் இல்லாமையை எவரும் மன்னிக்கவில்லை. கரணம் பெற்றவரையும் அலர் விடவில்லை. கரணம் பெறாதவரையும் விடவில்லை. ஆகவே அலரின் இலக்கு ஒழுக்கம் அன்று. துணையற்ற பெண்ணே என்று முடிவு செய்வதில் பிழையில்லை.

பொருள் நிலையிலும் வேறுபாடு உண்டு. பிலடெல்பியாவின் மகளுக்குப் பத்தாயிரம் பவுன் கிடைத்தது. அப்பணம் எங்கிருந்து வந்தது என்பதை ஆஸ்டின் ஆய்வாளர்களும் மறப்பதில்லை. கம்பெனியின் வணிகமும் அதிகாரமும் இம்மண்ணிலிருந்து திரட்டிய செல்வமே பல ஆங்கிலக் குடும்பங்களின் சீதனமாயிற்று. 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் லேடி பெர்ட்ராம் கீழைநாட்டிலிருந்து தமக்குச் சால்வை வேண்டும் என்று சோம்பலோடு சொல்லும் இடத்தில், ஒரு பேரரசின் கணக்கு ஒரு சால்வைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கிளாரிந்தா தம்மிடம் இருந்ததைச் சீதனமாக்கவில்லை. ஊருக்குக் கிணறாகவும் சபைக்குக் கோயிலாகவும் ஆக்கினார்.

இலக்கிய நிலையில் நோக்கினால், ரீஜன்சிக் காதற் புதினங்களின் இன்றைய வடிவம் அலரை ஒரு விளையாட்டாக்கி விட்டது. பழிச்சொல் எழும், நாயகி அஞ்சுவாள், கோமகன் ஒருவன் கைப்பிடிப்பான், மணமணி ஒலிக்கும். ஹெயரின் நடையழகும் நகைச்சுவையும் மறுக்க முடியாதவை. எனினும் அவ்வகையின் மூலத்தில் நின்ற ஜேன் ஆஸ்டின், அத்தையின் வாழ்வை அறிந்தவராதலால், மணமணிக்கு அப்பால் உள்ளதையும் கண்டார். சார்லட் லூகஸ் என்னும் பெண் உறைவிடத்துக்காக மட்டுமே காலின்ஸை மணக்கிறாள். அந்தச் சிறு பகுதியில் கடலூருக்குக் கப்பலேறிய பெண்களின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. மாதவையாவும் அவ்வாறே மணமணி ஒலிக்காத ஒரு காதலைத் தேர்ந்து, அதன் நாயகியைப் பழியில் மடியவிடாமல் வாழவிட்டார். காதல் மணத்தில் முடிந்தாலன்றிக் கதை நிறைவுறாது என்ற விதியை வரலாறு அவருக்கு முன்பே மீறியிருந்தது.

காதலைப் பற்றிய தமிழ் மரபு அலரைப் பெண்ணின் துயராகவே முதலில் கண்டது. தலைவனும் தோழியும் தாயும் அத்துயரைத் தீர்க்கும் கடமையுடையவராகப் படைக்கப்பட்டனர். கரணம் அக்கடமையின் ஒரு கருவி. கருவியைக் காத்துக் கடமையை மறந்த காலங்களில்தான் பிலடெல்பியாக்களும் கிளாரிந்தாக்களும் தனித்து நின்றனர். ஒருவர் பற்றிய உண்மை அவரோடு மறைந்தது. மற்றவர் பெயர், பாளையங்கோட்டை மக்கள் வழங்கிய அவருடைய குலப்பெயரோடு, ஒரு கோயிலிலும் ஒரு கிணற்றிலும் நிலைத்தது. வரலாற்றுப் புதினம் எழுதப் புகுவோர் அரண்மனை வாயிலில் மட்டும் காத்திராமல், இத்தகைய கிணற்றடிகளுக்கும் சென்று கேட்பாராயின், தமிழுக்குப் புதிய கதைகள் கிடைக்கும். அப்பெண்களுக்கும் காலந்தாழ்ந்தேனும் ஒரு நீதி கிடைக்கும்.